ஜாவா அப்டேட் போட்டாச்சு... பழைய வெர்ஷன் போயிடுச்சா? ஒரே கம்ப்யூட்டரில் பல ஜாவா இருந்தால் என்ன செய்யணும்?

கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ‘ஜாவா அப்டேட் வந்திருக்கிறது’ என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். ‘இன்ஸ்டால்’ பட்டனைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போவதுதான் பலரின் வழக்கம். புதுசு வந்துடுச்சு, பழசு போயிருக்கும் என்பது நினைப்பு. ஆனால், பல ஆண்டுகளாக அப்படி நடக்கவே இல்லை. அமெரிக்காவில் அரசு அமைப்பே தலையிடும் அளவுக்கு இது பெரிய பிரச்னையானது.

சரி, பழசை எல்லாம் தேடித் தேடி அழித்துவிடலாமா? அதிலும் சிக்கல் இருக்கிறது. எதை வைக்கணும், எதைத் தூக்கணும் என்று பார்க்கலாம்.

ஜாவா எதுக்கு?

ஜாவா ஒரு புரோகிராமிங் மொழி. அதில் எழுதிய மென்பொருள் ஓட வேண்டுமென்றால், கம்ப்யூட்டரில் ஜாவா இருக்க வேண்டும். ஆடிட்டர் அலுவலகங்களில் டிடிஎஸ் ரிட்டர்ன் தயாரிக்கப் பயன்படும் ஆர்.பி.யூ. மென்பொருள் ஜாவாவில் ஓடுவதுதான். பிள்ளைகள் விளையாடும் ‘மைன்கிராப்ட்’ விளையாட்டின் ஜாவா எடிஷனும் அப்படித்தான்.

இணையப் பக்கங்களில் இருக்கும் ‘ஜாவாஸ்கிரிப்ட்’ வேறு, இது வேறு. பெயர்தான் ஒன்றுபோல இருக்கும்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை 2010-ல் ஆரக்கிள் வாங்கியது. அப்டேட் போட்டால் கம்ப்யூட்டர் பாதுகாப்பாக இருக்கும் என்று பயனாளர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் அந்த அப்டேட், கடைசியாக இருந்த ஒரே ஒரு பழைய ஜாவாவை மட்டும்தான் நீக்கியது. அதற்கும் முந்தையவை அப்படியே கிடந்தன. ஜாவா 6-ன் 10-வது அப்டேட்டுக்கு முந்தையவற்றை அது தொடவே இல்லை.

அந்தப் பழைய ஜாவாக்களில் இருந்த ஓட்டைகள் ஹேக்கர்களுக்கு அத்துப்படி. 2012-ல் ‘ஃபிளாஷ்பேக்’ என்ற வைரஸ் ஜாவா ஓட்டை வழியாகப் புகுந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. 2013 ஜனவரியில், பிரவுசரில் ஜாவாவை நிறுத்தி வையுங்கள் என்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே சொன்னது.

கடைசியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், மக்களை ஏமாற்றியதாக ஆரக்கிள் மீது குற்றம்சாட்டியது. அப்போது 85 கோடிக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் ஜாவா இருந்தது. 2015 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டது. அதன்படி, அப்டேட் போடும்போதே ‘பழைய ஜாவா இருக்கிறது, இதனால் ஆபத்து, நீக்கலாமா?’ என்று ஆரக்கிள் கேட்டாக வேண்டும்.

இப்பவும் அதே ஆபத்தா?

ஒரு பெரிய வழி அடைபட்டுவிட்டது. குரோம் 2015-லும், ஃபயர்பாக்ஸ் 2017-லும் பிரவுசருக்குள் ஜாவா ஓடுவதை நிறுத்திவிட்டன. ஒரு இணையதளத்தைத் திறந்த உடனே பழைய ஜாவா வழியாக வைரஸ் நுழைவது இப்போது எளிதல்ல. ஆனால் மெயிலில் வந்த ஜாவா ஃபைலை டபுள் கிளிக் செய்தால், கம்ப்யூட்டரில் இருக்கும் ஜாவாதான் அதை ஓட்டும். அது பழசா புதுசா என்பது அப்போது முக்கியம்.

அப்போ பழசு எல்லாத்தையும் தூக்கிடலாமா?

அவசரப்பட வேண்டாம். இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கணும்.

• வெர்ஷன்: 8, 11, 17, 21, 25 என்பவை நீண்டகால ஆதரவு உள்ள வெர்ஷன்கள். 2014-ல் வந்த ஜாவா 8-க்காக எழுதிய மென்பொருள், 2021-ல் வந்த 17-ல் ஓடாமல் போகலாம். இடையில் வந்த 11-வது வெர்ஷனில் சில பழைய வசதிகளை எடுத்துவிட்டார்கள். அதேபோல 17-க்காகத் தயாரான மென்பொருள் 8-ல் ஓடாது.

• அப்டேட்: ஒரே வெர்ஷனுக்குள் ஓட்டைகளை அடைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது. உதாரணமாக, ஜாவா 8 அப்டேட் 401.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 8, 17 என்று இரண்டு வெர்ஷன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதில் தப்பில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும், ஒன்றோடு ஒன்று மோதாது. ஆனால் ஜாவா 8-லேயே நாலைந்து அப்டேட்கள் குவிந்து கிடந்தால், கடைசியாக வந்ததைத் தவிர மற்றவை பெரும்பாலும் குப்பைதான். 32 பிட், 64 பிட் என்று ஒரே ஜாவா இரண்டு முறை தெரிந்தால் மட்டும், எந்த மென்பொருள் எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு நீக்கணும்.

எந்த ஜாவா ஓடுது? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ திறந்து, ஜாவா என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஒரு இடைவெளி, ஒரு ஹைபன், அதையொட்டி வெர்ஷன் என்று சேர்த்து என்டர் தட்டினால் போதும். பதிலில் 1.8 என்று வந்தால் குழம்ப வேண்டாம், அதுவும் ஜாவா 8-தான். 9-க்கு முன்புவரை எண்ணை அப்படித்தான் எழுதினார்கள்.

நாலு ஜாவா இருக்கும்போது இது மட்டும் ஏன் ஓடுகிறது? விண்டோஸில் ‘பாத்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த ஃபோல்டரில் முதலில் தேடணும் என்ற வரிசை அது. வரிசையில் முதலில் எது கிடைக்கிறதோ அதுதான் ஓடும். புதுசை இன்ஸ்டால் செய்தும் பழசே ஓடினால், காரணம் பெரும்பாலும் இந்த வரிசைதான்.

கோடிங் படிக்கும் மாணவர்கள் ‘ஜாவா ஹோம்’ என்ற செட்டிங்கையும் பார்க்கணும். மேவன், கிரேடில் போன்ற கருவிகள் அதைப் பார்த்துத்தான் ஜாவாவைத் தேர்ந்தெடுக்கும். ‘பாத்’ ஒரு வெர்ஷனையும் ‘ஜாவா ஹோம்’ இன்னொன்றையும் காட்டினால் பிராஜெக்ட் பாதியில் நிற்கும். செட்டிங்கை மாற்றிய பிறகு, திறந்திருக்கும் கமாண்ட் விண்டோவை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தால்தான் மாற்றம் தெரியும்.

நீக்கும் முன் என்ன செய்யணும்?

1. கன்ட்ரோல் பேனலில் ‘புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்’ சென்று, ஜாவா என்ற பெயரில் உள்ள எல்லாவற்றையும் எழுதி வைக்கவும்.

2. அலுவலக மென்பொருளுக்கு எந்த வெர்ஷன் வேண்டும் என்று அதன் வழிகாட்டியில் பார்க்கவும்.

3. அந்த வெர்ஷனின் கடைசி அப்டேட்டைப் போட்டு, மென்பொருள் ஓடுகிறதா என்று சோதிக்கவும்.

4. ஓடினால், அதே வெர்ஷனின் பழைய அப்டேட்களை ஒவ்வொன்றாக நீக்கவும். மொத்தமாக நீக்கினால் எதனால் கோளாறு என்று தெரியாது.

5. டிடிஎஸ் ரிட்டர்ன் கடைசித் தேதி நெருங்கும் நேரத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

ஜாவாவை முழுசா நீக்கினாலும் சில மென்பொருட்கள் ஓடும். மைன்கிராப்ட் லாஞ்சர், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ போன்றவை தங்களுக்கு வேண்டிய ஜாவாவைத் தாங்களே கொண்டுவந்துவிடும்.

ஆபீஸ் கம்ப்யூட்டரா? இதையும் கவனிங்க

ஆரக்கிள் தரும் ஜாவா 8, வீட்டில் சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். ஆனால் 2019-லிருந்து, வணிக நிறுவனங்கள் அதன் புதிய அப்டேட்களைப் பெறப் பணம் கட்ட வேண்டும். அதைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு எக்லிப்ஸ் டெமுரின், அமேசான் கொரேட்டோ போன்ற இலவச ஜாவாக்கள் இருக்கின்றன. மாறும் முன், மென்பொருள் அதில் ஓடுகிறதா என்று சோதிப்பது அவசியம்.

போனில் ஜாவா அப்டேட் கேட்டால்?

ஆண்ட்ராய்டு போன், ஐபோன் இரண்டிலும் ஜாவாவைத் தனியாக இன்ஸ்டால் செய்யத் தேவையே இல்லை. ‘உங்கள் போனில் ஜாவா பழசாகிவிட்டது, இதைத் தட்டுங்கள்’ என்று ஏதாவது லிங்க் வந்தால் அது மோசடி. தட்டாமல் மூடிவிடுங்கள்.