கழுவக் கழுவக் கலங்கும் மீன் தொட்டி

மீன்களை வாளிக்கு மாற்றி, இருந்த தண்ணீர் மொத்தத்தையும் கொட்டி, கற்களை அள்ளித் தேய்த்து, பில்ட்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து காயவைத்து முடித்தால் ஞாயிறு மாலை தொட்டி பளபளக்கும். செவ்வாய், புதன் வாக்கில் அதே தண்ணீர் அரிசி களைந்த கழுநீராக வெளுத்துப் போகும். சரியாகக் கழுவவில்லை என்று நினைத்து மறுபடி முழுக் கழுவல் நடக்கும். மறுபடியும் வெளுக்கும்.

கோளாறே அந்தக் கழுவலில்தான்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட பஞ்சிலும் கற்களிலும் ஒட்டித்தான் வாழ்கின்றன. குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் இவை மடியும். இவை இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு நாளாகும். அழுகலைத் தின்னும் வேறு வகை பாக்டீரியாக்களுக்கோ ஒரு மணி நேரமே அதிகம். காலியான இடத்தில் அவை மளமளவென்று பெருகி மிதப்பதுதான் அந்த வெள்ளைக் கலங்கல்.

அதனால் தொட்டியை முழுதாகக் காலி செய்யவே வேண்டாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி சுமார் 55 லிட்டர் பிடிக்கும். வாரம் ஒருமுறை அதில் கால்பங்கு, அதாவது ஒரு வாளி எடுத்தால் போதும். எடுக்கும்போது சைபன் குழாயின் வாயைக் கற்களுக்குள் சொருகி உறிஞ்ச வேண்டும். பழுப்பு மண்டி மேலேறி வருவதும், கனமான கற்கள் குழாய்க்குள்ளேயே உருண்டு திரும்ப விழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஒரே நாளில் தரை முழுவதையும் கிளற வேண்டாம். இந்த வாரம் ஒரு பாதி, அடுத்த வாரம் மறு பாதி.

வெளியே எடுத்த அந்த அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. பில்ட்டர் பஞ்சை அதிலேயே இரண்டு மூன்று முறை அமுக்கி எடுத்தால் போதும். பஞ்சு பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். வெள்ளையாக்கியே தீருவேன் என்பவர்களின் தொட்டிதான் அடிக்கடி கலங்குகிறது.

புதுத் தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து இருக்கிறது. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பார்கள். ஊற்றும்போது தொட்டிக்குள் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெல்ல ஊற்றினால் அடிமண்டி கிளம்பாது.

ஊற்றிய ஒரு மணி நேரத்துக்குள் வரும் சாம்பல் கலங்கல் வேறு. அது கழுவாத புதுக் கல்லின் தூசி, பில்ட்டரே பிடித்துவிடும். பச்சையாக மாறினால் பாசி. விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்து, ஜன்னல் வெயில் படாமல் தொட்டியை நகர்த்த வேண்டும்.

கிணற்று நீரைத் தெளியவைத்த பழக்கத்தில் சிலர் படிகாரத்தைப் போடுகிறார்கள். அது தண்ணீரின் காரத்தன்மையைக் குறைத்து மீனுக்கு வினையாக முடியும். வெள்ளைக் கலங்கல் வந்துவிட்டால் தீனியைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் பொறுத்திருப்பதே நல்லது. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே தெளியும். அதுவரை ஏர் பம்பை இரவிலும் நிறுத்தக் கூடாது. பெருகிய பாக்டீரியாக்கள் ஆக்சிஜனையும் சேர்த்தே இழுத்துக்கொள்வதால், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கிவிடும்.