ஒரு விசைப்பலகை, இரண்டு கணினிகள்: எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது?

இன்று பல ஆசிரியர்களின் மேசையில் இரண்டு கணினிகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று பள்ளியின் மேசைக் கணினி. மாணவர் விவரங்களும் மதிப்பெண் பட்டியலும் அதில் இருக்கும். மற்றொன்று ஆசிரியரின் மடிக்கணினி. பாடக்குறிப்பும் வினாத்தாளும் அதில் இருக்கும். ஒன்றில் உள்ள பத்தியை மற்றொன்றில் சேர்க்கப் பென் டிரைவைத் தேடுகிறோம், அல்லது நமக்கு நாமே வாட்ஸ்அப் அனுப்பிக்கொள்கிறோம். இரண்டு விசைப்பலகைக்கும் இரண்டு மவுஸுக்கும் மாறி மாறிக் கை போகிறது.

இதற்கு எளிய வழி உண்டு. ஒரே விசைப்பலகை, ஒரே மவுஸ் கொண்டு இரண்டு கணினிகளையும் இயக்கலாம். ஒன்றில் காப்பி செய்ததை மற்றொன்றில் பேஸ்ட் செய்யலாம். புதுச்சேரியில் பணியாற்றும் ஆசிரியராக நான் இந்த முறையைப் பயன்படுத்தி வருகிறேன். அது எப்படி நடக்கிறது, எங்கே கவனம் தேவை என்பதை இங்கே பகிர்கிறேன்.

உள்ளே நடப்பது என்ன?

இரண்டு கணினிகளிலும் ஒரு மென்பொருளை நிறுவுகிறோம். விசைப்பலகையும் மவுஸும் செருகப்பட்ட கணினியை முதன்மைக் கணினி என்று வைத்துக்கொள்வோம். அதன் திரையின் வலது ஓரத்தை மவுஸ் அம்புக்குறி தொட்டதும், பக்கத்துக் கணினியின் திரையில் அது தோன்றும். அதன் பிறகு நாம் தட்டும் ஒவ்வொரு விசையையும் முதன்மைக் கணினி தனக்கென எடுத்துக்கொள்ளாமல், பள்ளியின் வைஃபை அல்லது வலையமைப்புக் கம்பி வழியே மற்றொன்றுக்கு அனுப்புகிறது. அந்தக் கணினி, தன்னிடமே விசை தட்டப்பட்டதாகக் கொண்டு செயல்படுகிறது.

இங்கே திரைக்காட்சி எதுவும் அனுப்பப்படுவதில்லை. தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். போய்ச் சேர்வது விசைகளும் மவுஸ் அசைவுகளும் மட்டுமே என்பதால் பழைய கணினியிலும் வேகம் குறையாது. இரண்டும் ஒரே வலையமைப்பில் இருந்தால் போதும், இணையம் தேவையில்லை. சில வைஃபை அமைப்புகளில் ஒரு கருவி மற்றொன்றைக் காண முடியாதபடி தடுத்திருப்பார்கள். அங்கே இது இயங்காது.

எந்த மென்பொருள்?

2001-இல் கிறிஸ் ஷோன்மன் என்பவர் உருவாக்கிய ‘சினெர்ஜி’ இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. அதன் வழியில் வந்த ‘இன்புட் லீப்’, ‘டெஸ்க்ஃப்ளோ’ ஆகியவை கட்டற்ற மென்பொருள்கள். ஒன்றில் விண்டோஸ், மற்றொன்றில் லினக்ஸ் என்று இருந்தாலும் இவை இயங்கும். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் காலக் கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். அதுபோல் இரண்டு இயங்குதளங்களும் கலந்திருக்கும் பள்ளிகளுக்கு இவை பொருந்தும்.

இரண்டிலும் விண்டோஸ்தான் என்றால் மைக்ரோசாஃப்ட்டின் ‘மவுஸ் வித்அவுட் பார்டர்ஸ்’ எளிது. 2011-இல் வெளிவந்த இது, 2023 முதல் ‘பவர்டாய்ஸ்’ என்னும் இலவசத் தொகுப்பில் சேர்ந்துள்ளது. நான்கு கணினிகள் வரை இணைக்கலாம். முதல் கணினி ஒரு பாதுகாப்புக் குறியைத் தரும்; அந்தக் குறியையும் கணினியின் பெயரையும் இரண்டாவதில் தட்டச்சு செய்தால் இணைப்பு கிடைத்துவிடும். 100 எம்பி வரையுள்ள கோப்பையும் காப்பி செய்து அனுப்பலாம்.

தமிழும் பிரெஞ்சும்

புதுச்சேரியில் தமிழ், ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் பாடமொழியாக இருப்பதால் எங்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. பிரெஞ்சு விசைப்பலகை அமைப்பில், நம் பலகையில் ‘க்யூ’ இருக்கும் இடத்தில் ‘ஏ’ இருக்கும். ‘டபிள்யூ’ இடத்தில் ‘இசட்’ இருக்கும். இரண்டு கணினிகளிலும் வெவ்வேறு அமைப்பு இருந்தால், தட்டியது ஒன்றும் தோன்றுவது வேறொன்றுமாக ஆகலாம். இரண்டிலும் ஒரே அமைப்பை வைத்துக்கொள்வது நல்லது. தமிழில் எழுதும்போது, முதன்மைக் கணினியை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, எழுத்து பதிய வேண்டிய கணினியில் தமிழ்99 போன்ற உள்ளீட்டு முறையை இயக்குங்கள்.

காப்பி செய்யும்போது வேறொரு சிக்கல் வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருக்கின்றன. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினியின் நினைவில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. கிளிப்போர்டு வழியே மறுகணினிக்குப் போவதும் அவைதாம். அங்கே பாமினி எழுத்துரு இல்லையென்றால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். ஒருங்குறியில் ‘அ’ எழுத்துக்கென்றே 2949 என்ற தனி எண் உண்டு; எந்தக் கணினிக்குப் போனாலும் அது ‘அ’தான். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. பழைய வினாத்தாள்களை ஒருமுறை ஒருங்குறிக்கு மாற்றி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும்.

கிளிப்போர்டு: இங்கேதான் எச்சரிக்கை

விசைப்பலகையைப் பகிர்வதும் கிளிப்போர்டைப் பகிர்வதும் இரண்டு தனித்தனி முடிவுகள். விசைகள் ஒரு நேரத்தில் ஒரு கணினிக்கே போகும். கிளிப்போர்டைப் பகிர்ந்துவிட்டாலோ, இங்கே காப்பி செய்தது அங்கும் பேஸ்ட் செய்யத் தயாராக இருக்கும். நாம் அன்றாடம் எவற்றையெல்லாம் காப்பி செய்கிறோம்? மாணவரின் ஆதார் எண், பெற்றோரின் கைப்பேசி எண், சாதிச் சான்றிதழ் விவரம், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எண், சில நேரம் கடவுச்சொல்.

இரண்டாவது கணினி ப்ரொஜெக்டருடன் இணைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்யுள் வரி என்று நினைத்து பேஸ்ட் செய்யும்போது ஒரு மாணவியின் குடும்ப விவரம் வகுப்பறைச் சுவரில் விழுந்தால், அதைத் திரும்பப் பெற முடியாது. அம்புக்குறி எந்தத் திரையில் இருக்கிறது என்று பார்க்காமல் கடவுச்சொல்லைத் தட்டினாலும் இதே நிலைதான்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. பள்ளியில் நம்மிடம் உள்ள விவரங்கள் பெரும்பாலும் அவர்களுடையவை. எனவே நான் பின்பற்றும் நடைமுறை இது:

• மாணவர் பதிவேடுகள் உள்ள கணினியை இணைக்கும்போது விசைப்பலகை, மவுஸ் பகிர்வை மட்டும் வைத்துக்கொண்டு, கிளிப்போர்டுப் பகிர்வையும் கோப்புப் பரிமாற்றத்தையும் அமைப்புகளில் நிறுத்திவிடுவது.

• பாடக்குறிப்பு, வினாத்தாள் வேலைக்கு மட்டும் கிளிப்போர்டைத் திறப்பது. வேலை முடிந்ததும் மூடுவது.

• மறையாக்க வசதியை எப்போதும் இயக்கத்தில் வைப்பது. அது இல்லையென்றால் நாம் தட்டும் கடவுச்சொல்லை அதே வலையமைப்பில் உள்ள இன்னொருவர் படிக்க வாய்ப்புண்டு.

• பாதுகாப்புக் குறியைத் தாளில் எழுதித் திரையில் ஒட்டாமல் இருப்பது.

• வகுப்புக்குச் செல்லும் முன் வேறு ஏதேனும் ஒரு சொல்லைக் காப்பி செய்வது. கிளிப்போர்டில் புதியது வந்ததும் பழையது நீங்கும். விண்டோஸில் கிளிப்போர்டு வரலாறு இயக்கத்தில் இருந்தால் பழையவை அதில் தங்கியிருக்கும். அதையும் அழித்துவிட வேண்டும்.

பள்ளிக் கணினியில் எதை நிறுவுவதற்கு முன்பும் தலைமையாசிரியரிடமும் கணினிப் பொறுப்பாளரிடமும் கேட்டுக்கொள்வது முறை.

வகுப்பில் சொல்லித்தர

காப்பி, பேஸ்ட் என்பதைக் குழந்தைகள் விரலால் அறிவார்கள். அதன் பொருளை அறிவது அரிது. கணினி இல்லாமலே அதை விளக்கலாம். ஒரு மாணவர் கரும்பலகையில் உள்ள சொல்லைச் சிலேட்டில் எழுதிக்கொண்டு போய் அடுத்த பலகையில் எழுதட்டும். சிலேட்டில் ஒரு சொல்லுக்குத்தான் இடம். புதிதாக எழுத வேண்டுமானால் பழையதை அழிக்க வேண்டும். சிலேட்டு கையில் இருக்கும்வரை எத்தனை முறையும் எழுதலாம். அந்தச் சிலேட்டுதான் கிளிப்போர்டு. 1970-களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் ஆகியோர் இம்முறையைக் கணினிக்குக் கொண்டுவந்ததையும் அப்போது சொல்லலாம்.

பிறகு சிலேட்டைப் பக்கத்து வகுப்புக்குக் கொடுத்தனுப்புங்கள். “இதில் உங்கள் வீட்டுத் தொலைபேசி எண் இருந்தால் கொடுத்தனுப்புவீர்களா?” என்று கேளுங்கள். தரவுப் பாதுகாப்பு பற்றிய உரையாடலை ஆறாம் வகுப்பிலேயே அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.