மூன்று விடைகளும் நிலைக்கும் நினைவும்

நம் உடலின் புரதங்கள் ஓயாமல் சிதைந்து, புதிதாக உருவாகின்றன. மூளையிலுள்ள புரதங்கள் பலவும் சில நாட்களோ வாரங்களோதான் இருக்கும். அப்படியிருக்க, இளமையில் கற்றது முதுமையிலும் நிலைப்பது எவ்வாறு? இக்கேள்விக்குக் கணிதம் ஒரு வழி காட்டுகிறது.

கினேஸ் என்னும் நொதி, புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பாஸ்படேஸ் என்னும் நொதி அதை நீக்குகிறது. பல புரதங்கள் வேலை செய்வதும் ஓய்வதும் இதனால்தான். இதனை 1950களில் கண்டறிந்த எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் இருவருக்கும் 1992இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒட்டும் வேகமும் நீக்கும் வேகமும் சமமானால், பாஸ்பேட் ஏறிய புரதத்தின் அளவு மாறாது நிற்கும். இதுவே நிலைத்த நிலை. எளிய அமைப்பில் இதற்கு ஒரே விடைதான். ஆனால் பாஸ்பேட் ஏறிய புரதமே மேலும் ஒட்டுதலைத் தூண்டினால், சமன்பாட்டுக்கு மூன்று விடைகள் வரலாம். பிரிக்பீல்ட்ஸில் நான் கணிதம் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகள், "மூன்றில் எது சரி, சார்?" என்று கேட்பதுண்டு. மூன்றும் சரியே, ஆயினும் நடுவிலுள்ளது நிலைக்காது.

நம் தித்திவங்சா மலைத்தொடரை நினைத்துப் பாருங்கள். கெந்திங் செம்பா முகட்டுக்கு மேற்கே விழும் மழைநீர் கோம்பாக், கிள்ளான் ஆறுகளின் வழியே மலாக்கா நீரிணையை அடைகிறது. கிழக்கே விழுவது பகாங் ஆற்றின் வழியே தென்சீனக் கடலை அடைகிறது. முகட்டில் நீர் தங்குவதில்லை. இரு பள்ளத்தாக்குகளே இரு நிலைத்த விடைகள், முகடே நடுவிடை.

ஜான் லிஸ்மன் 1985இல் இக்கருத்தை நினைவுக்குப் பொருத்தினார். தனக்குத் தானே பாஸ்பேட் ஏற்றும் கினேஸ்களில் பழையவை அழியுமுன், புதியவற்றுக்கும் பாஸ்பேட்டை ஏற்றிவிடும். எரியும் விளக்கிலிருந்து அடுத்த விளக்கை ஏற்றுவது போன்றது இது. விளக்கு மாறினாலும் சுடர் தொடர்கிறது.

பெங்களூரின் உபிந்தர் பல்லாவும் நியூயார்க்கின் ரவி ஐயங்காரும் 1999இல் கணினி மாதிரியால் ஒன்றைக் காட்டினர்: போதிய வலிமையும் நேரமும் கொண்ட தூண்டுதல் கிடைத்தால், அது நின்ற பின்னும் செயல் நீடிக்கும். புரதத்தில் இரண்டு இடங்களில் பாஸ்பேட் ஏறினால், இத்தகைய சுயதூண்டுதல் இன்றியே இரு நிலைகள் தோன்றலாம் என்று 2004இல் மார்க்கெவிச், ஹோக், கோலொடென்கோ மூவரும் காட்டினர்.

நினைவு முழுவதும் இவ்வாறே அமைந்தது என்று முடிவாகவில்லை, ஆய்வு தொடர்கிறது. ஆயினும் பொருள் அழிந்தாலும் அமைப்பு நிலைக்கக்கூடும் என்பதைக் கணிதம் விளக்கிவிட்டது. ஆகவே கணக்குப் பயிலும் நம் பிள்ளைகள் விடை கண்டதோடு நிறுத்தாமல், எந்த விடை நிலைக்கும் என்றும் கேட்கப் பழகட்டும்.