வீட்டில் அம்மாதான் டீச்சர்! வாரம் ஒருநாள் கூட்டு வகுப்பு!

அமெரிக்காவில், பைபிளோடு சேர்த்து வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏராளம். 1993-க்குள் 50 மாநிலங்களிலும் சட்டம் இதற்கு வழிவிட்டு விட்டது. ஆனால் ஒரு சிக்கல்!

பிள்ளை சின்னதாக இருக்கும்வரை அம்மா சமாளித்து விடுவார். வளர்ந்த பிறகு? அல்ஜீப்ராவும் லத்தீனும் யார் சொல்லித் தருவது? பேசி விவாதிக்கக் கூட்டாளி வேண்டாமா?

வடக்கு கரோலினாவில் லீ போர்ட்டின்ஸ் என்ற தாயார், விண்வெளி என்ஜினீயரிங் படித்தவர், 1997-ல் 11 மாணவர்களைத் தன் வீட்டில் கூட்டி வகுப்பு எடுத்தார். அதுவே "கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ்" என்ற அமைப்பாக வளர்ந்தது.

வாரத்தில் ஒருநாள் கூட்டு வகுப்பு. பல ஊர்களில் தேவாலயமே வகுப்பறை. மற்ற நாளெல்லாம் வீட்டில்தான் படிப்பு.

சின்னப் பிள்ளைகளை இறக்கி விட்டுவிட்டு நைசாக நழுவ முடியாது! பெற்றோரும் கூடவே உட்கார வேண்டும். மறுநாள் வீட்டில் டீச்சர் அவங்கதானே!