அரிய கள்ளிகளும் அவற்றின் விதைகளும்

கள்ளி என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. பாலை நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் கள்ளியையும் உடன் பாடியுள்ளனர். ஆயினும் அவர்கள் கண்ட கள்ளி வேறு. இன்று பூந்தொட்டிகளில் நாம் காணும் முட்கள்ளி வேறு. கிள்ளினால் பால் வடியும் சதுரக்கள்ளி, திருகுகள்ளி முதலியவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. முட்கள்ளிக் குடும்பமோ, ஒரே ஓர் இனம் நீங்கலாக, இயற்கையில் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. நம் ஊர்ப் புறம்போக்குகளில் மண்டிக் கிடக்கும் சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்து வந்து குடியேறியதேயாகும்.

சப்பாத்திக்கள்ளி எங்கும் செழிக்கும். அதன் சுற்றத்துள் சிலவோ மிக அரியவை. மெக்சிகோ நாட்டின் வடகிழக்கே, நுவோ லியோன் மாநிலத்தின் செங்குத்தான பாறைச் சுவர்களில், அஸ்டேக்கியம் என்னும் சிறு கள்ளி ஒட்டி வாழ்கிறது. 1929ஆம் ஆண்டில் தாவர நூலார் இதற்குப் பெயரிட்டனர். சுருக்கங்கள் நிறைந்த இதன் உடல் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தைத் தாண்டுவது அரிது. மற்றொன்று விண்மீன் கள்ளி. தெற்கு டெக்சாசிலும் வடகிழக்கு மெக்சிகோவிலும் வாழும் இது, முள் இன்றி, வெண்புள்ளிகள் நிறைந்து, எட்டுப் பகுப்புகளுடன் விண்மீன் போலத் தோன்றுவது.

இவற்றின் அருமையே இவற்றுக்குப் பகையாயிற்று. விலைக்கு விற்போர் இவற்றை வேரோடு பெயர்த்தனர். 2020ஆம் ஆண்டில், சிலி நாட்டுப் பாலையிலிருந்து கடத்தப்பட்ட கள்ளிகள் ஆயிரம் அளவில் இத்தாலியில் கைப்பற்றப்பட்டன. அவற்றுள் எண்ணூறுக்கு மேற்பட்டவை மறு ஆண்டில் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டன. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, முட்கள்ளி இனங்களுள் நூற்றுக்கு 31 அழியும் இடரில் உள்ளன என்று கூறிற்று. 1975 முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு உடன்படிக்கை, அஸ்டேக்கியம், விண்மீன் கள்ளி போன்றவற்றைக் காட்டிலிருந்து எடுத்து வாணிகம் செய்வதைத் தடுக்கிறது.

அங்ஙனமாயின், இவற்றை வளர்க்க விரும்புவோர் யாது செய்வது? தம்மிடம் முறையாக வந்த செடியிலிருந்து விதை பெறுவதே நல்வழி.

விண்மீன் கள்ளியின் பூ தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. ஆகவே வெவ்வேறு விதைகளிலிருந்து தோன்றிய இரண்டு செடிகள் ஒருங்கே பூத்திருத்தல் வேண்டும். ஒன்றன் மகரந்தத்தை மென்மையான தூரிகையால் எடுத்து மற்றதன் சூல்முடியில் தடவுவர். தேனீ வேற்றினத்து மகரந்தத்தைக் கொணர்ந்தால் பிறப்பது கலப்பினமாகிவிடும். அதனைத் தடுக்கப் பூவை மெல்லிய வலைத்துணியால் மூடி வைப்பர்.

கனிந்தபின் விதையை எடுத்து, சதை நீங்கக் கழுவி, நிழலில் உலர்த்தி, காகிதப் பொதியில் இட்டு, இனத்தின் பெயரையும் நாளையும் எழுதுதல் வேண்டும். விண்மீன் கள்ளியின் விதை முளைக்கும் ஆற்றலை விரைவில் இழப்பதால் அதனைக் காலந்தாழ்த்தாது விதைத்தல் நன்று. அஸ்டேக்கியத்தின் கனியோ உச்சியிலுள்ள பஞ்சினுள் மறைந்திருக்கும். அதன் விதை அரை மில்லிமீட்டரினும் சிறியது. ஒரு பெருமூச்சே அதனைப் பறக்கச் செய்யும்.

சலித்த மணலும் செங்கற்பொடியும் பெரும்பங்காகக் கொண்ட மண்ணை நீராவியில் வேகவைத்து ஆறவிடுதல் வேண்டும். தொட்டியை நீரில் நிறுத்தி, அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்தபின், விதையை மேலே தூவுவர். முளைப்பதற்கு ஒளி வேண்டுமாதலின் மண்ணிட்டு மூடுதல் ஆகாது. கண்ணாடியால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில், 20 முதல் 30 பாகை வெப்பத்தில் வைத்தால் ஓரிரு வாரங்களில் முளை தோன்றும்.

அரும்பாடு இதன்பின்னரே தொடங்குகிறது. ஈரம் மிகுந்தால் பூஞ்சை பற்றி ஓரிரவில் நாற்று முழுவதும் சாயும். ஈரம் குறைந்தால் வேர் கருகும். அஸ்டேக்கியத்தின் நாற்றைப் பாசியே மூடி மாய்த்துவிடும். ஈராண்டு சென்றும் அது சில மில்லிமீட்டர் அளவிலேயே நிற்கும். வேறொரு கள்ளியின் தண்டில் ஒட்டி விரைந்து வளர்ப்போரும் உளர். தன் வேரில் வளர விடுவோரோ பூவைக் காணப் பல்லாண்டு காத்திருப்பர்.

பாறையிலிருந்து ஒரு செடியைப் பெயர்க்க ஒரு நொடி போதும். அதனை விதையிலிருந்து ஆளாக்கப் பல்லாண்டு வேண்டும். தொட்டியில் வளர்த்த செடி மலைக்குத் திரும்புவதில்லை. எனினும் விதையால் வளர்ந்த செடிகள் எளிதிற் கிடைக்குமாயின், மலைச்செடியைத் திருடுவோர்க்கு ஊதியம் குறையும். மலைச்செடி தன் பாறையிலேயே நிலைத்து வாழும். மாணவர்களே, அழகிய பொருளை விரும்புதல் இயல்பு. அது பிறந்த இடத்தில் வாழ விட்டு, நம் உழைப்பால் மற்றொன்றை உண்டாக்குவதே பண்பு.