"முழுகாம இருக்கேன்னா என்ன, சித்தி?"

லண்டனிலிருந்து என் அக்கா மகள் போன் செய்தாள்.

"சித்தி! நான் நாலு வாரம் வேலூருக்கு வரப் போறேன். ஆஸ்பத்திரி டிரெய்னிங். எனக்குத்தான் தமிழ் தெரியுமே, அதனால ஒரு கஷ்டமும் இருக்காது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. வார்டு ஸிஸ்டராக இருந்து ரிடையர் ஆனவள் நான். சரி, பெண்ணைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போமே என்று தோன்றியது.

"ஒரு பொண்ணு வந்து, 'ஸிஸ்டர், நான் முழுகாம இருக்கேன்'னு சொன்னா என்ன அர்த்தம், சொல்லு?"

"முழுகாமன்னா... குளிக்காம இருக்காளா, சித்தி?"

"ஒரு தாத்தா, 'மூணு நாளா வெளிக்குப் போகலைம்மா'ங்கறார். அதுக்கு?"

"பாவம், வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கார். நடக்க முடியலை போலிருக்கு."

பின்னால் நின்றிருந்த என் அக்கா தலையில் அடித்துக் கொண்ட சத்தம் எனக்கு இங்கே கேட்டது!

முதலாவது பெண் கர்ப்பமாக இருக்கிறாள். மருந்து கொடுக்கும் முன்பும், எக்ஸ்ரே எடுக்கும் முன்பும் அது தெரிந்தாக வேண்டும். தாத்தாவுக்கு மலச்சிக்கல். எங்கள் பெண் வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள். ஆனால், "சாப்பிட வா", "டி.வி.யை அணை" என்கிற தமிழ் வேறு, உடம்பு படுத்தும்போது கூச்சத்தோடு வருகிற தமிழ் வேறு, இல்லையா?

அன்று ஆரம்பித்த ஏற்பாடு ஒன்பது மாதம் நடந்தது. நம் வாசகிகளில் பலருக்கு மகளோ, நாத்தனார் பெண்ணோ நர்சிங் படித்துக் கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அது என்ன 'எலெக்டிவ்'?

பிரிட்டனில் நர்ஸ் ஆவதற்குப் பொதுவாக மூன்று வருடப் பட்டப் படிப்பு. ஏறக்குறைய பாதி வகுப்பில், பாதி வார்டில். எந்த வார்டு, எந்த ஆஸ்பத்திரி என்பதைக் கல்லூரிதான் சொல்லும். ஆனால் பல கல்லூரிகளில் இரண்டாம் அல்லது மூன்றாம் வருடத்தில் ஒரு சில வாரங்கள் மட்டும், "இந்தத் தடவை இடத்தை நீயே தேர்ந்தெடு" என்று விட்டு விடுகிறார்கள். அதற்குப் பெயர்தான் எலெக்டிவ். பக்கத்து ஊர் மனநல ஆஸ்பத்திரிக்கும் போகலாம், கடல் கடந்தும் போகலாம்.

சுதந்திரம் கிடைத்ததும் நம் பெண்கள் முதலில் கேட்பது, "எங்கே போகலாம்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "எதற்குப் போகிறேன்?"

"ஏழைகளுக்கு உதவி செய்யப் போறேன், சித்தி" என்றாள் எங்கள் பெண். நல்ல மனசுதான். ஆனால் நாலு வாரத்துக்கு வருகிற மாணவியால் பெரிதாக என்ன உதவி செய்துவிட முடியும்? அவளுக்குக் கற்றுக் கொடுக்க இங்கே ஒரு ஸிஸ்டர் தன் வேலை நேரத்தைச் செலவழிக்கிறாள். உண்மையில் உதவி வாங்கிக் கொள்கிறவள் இவள்தான்! கற்றுக் கொள்ள வருகிறோம் என்கிற எண்ணத்தோடு வந்தால்தான் இரு பக்கமும் நிம்மதி.

யோசித்து யோசித்து ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொண்டாள்: 'சர்க்கரை நோயாளிகள் தங்கள் கால்களைப் பாதுகாத்துக் கொள்ள இங்கே நர்ஸுகள் எப்படிச் சொல்லித் தருகிறார்கள்?'

இந்தக் கேள்விக்கு வேலூர் பொருத்தமான ஊர். 1900-ல் ஐடா ஸ்கட்டர் ஒரே ஒரு படுக்கையோடு அங்கே மருத்துவம் ஆரம்பித்தார். அதுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. அங்கே 1946-ல் வந்து சேர்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். ஆங்கிலேயப் பெற்றோருக்கு நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். தொழுநோயாளிகளின் கை கால்கள் பழுதாவதற்குப் பெரிய காரணம் உணர்ச்சி போய்விடுவதுதான், அடிபட்டதும் சுட்டதும் தெரியாமலே புண் முற்றிவிடுகிறது என்று எடுத்துக் காட்டினார். பின்னாளில் அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பயன்பட்டது.

எதற்குப் பின் எது?

"டிக்கெட் மலிவா கிடைக்குதுடி, வாங்கிடட்டுமா?" என்று அக்கா அவசரப்பட்டாள். நான் தடுத்து விட்டேன். இதில் வரிசை தப்பினால் பணம் போய்விடும்.

1. முதலில் கல்லூரி. ஒன்பது மாதம், முடிந்தால் ஒரு வருடம் முன்பே கேட்க வேண்டும். எத்தனை வாரம்? அந்த மணி நேரம் படிப்புக் கணக்கில் சேருமா? அங்கே மேற்பார்வை பார்த்துக் கையெழுத்துப் போடப் போவது யார்? ஏதாவது தவறு நடந்தால் கல்லூரியின் இன்ஷூரன்ஸ் செல்லுமா? பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் 'போக வேண்டாம்' என்று எச்சரிக்கிற இடங்களுக்குக் கல்லூரிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை.

2. பிறகு ஆஸ்பத்திரி. இரண்டு மூன்று இடங்களுக்கு எழுதிப் போடுவது நல்லது. யார், எந்த வருடம் படிக்கிறேன், எந்தத் தேதிகள், என்ன கற்க விரும்புகிறேன் என்று ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பதில் வர மாதக் கணக்கில் ஆகலாம். அவர்கள் கேட்கிற கட்டணம், தங்குமிடம், போலீஸ் நற்சான்று, தடுப்பூசிச் சான்று எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக் கொள்ள வேண்டும்.

3. அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பின் விசா. சுற்றிப் பார்க்கிற விசாவில் வந்து வார்டில் நின்று கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எந்த விசா என்று ஆஸ்பத்திரியையும் இந்தியத் தூதரகத்தையும் கேட்டு, விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

4. கடைசியில்தான் டிக்கெட்.

செலவுக்கு அக்கா ஒரு நோட்டுப் போட்டாள். பிரயாணம், விசா, தங்குமிடமும் கட்டணமும், இன்ஷூரன்ஸ், இவற்றோடு ஆறாத ஜுரம் வந்தால் உடனே திரும்பி வரக் கொஞ்சம் கைப்பணம். மாணவிகளின் எலெக்டிவ் செலவுக்கு உதவித்தொகை தருகிற அறக்கட்டளைகளும் உண்டு. அவற்றுக்கும் மாதங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

"நம்ம ஊர்தானே, ஒண்ணும் வராது!"

இப்படிச் சொன்னது படித்த என் அத்திம்பேர்! அம்மா மதுரையில் பிறந்தாள் என்பதற்காக லண்டனில் வளர்ந்த பெண்ணுக்கு டைபாய்டு வராமல் இருக்குமா? எதிர்ப்பு சக்தி என்ன, பாட்டி நகையா, வழிவழியாக வருவதற்கு? பிரிட்டனில் டைபாய்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் பக்கம் உறவினரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள்தான்.

புறப்படுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் ஊசிகளைப் பற்றிக் கேட்க வேண்டும். ஹெபடைடிஸ் பி ஊசி வழக்கமாக மூன்று தவணை. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. நர்சிங் மாணவிகள் பெரும்பாலும் முன்பே போட்டிருப்பார்கள். ஊசி பலித்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்த சான்றையும் கையில் வைத்துக் கொள்ள வேண்டும். வெறிநாய்க்கடி ஊசியைப் பற்றியும் கேட்கலாம். நாய் கடித்தாலோ பிராண்டினாலோ சோப்பும் ஓடுகிற தண்ணீருமாகப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன்பே ஊசி போட்டிருந்தாலும் போகத்தான் வேண்டும்.

வார்டில் இன்னொரு ஆபத்து, நோயாளிக்குப் போட்ட ஊசி தன் விரலில் குத்திக் கொள்வது. குத்தினால் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்த நிமிஷமே மேற்பார்வை ஸிஸ்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டக் கூடாது. திட்டுவார்களே என்று மறைத்து விடுகிற பெண்கள் இருக்கிறார்கள். "திட்டினா வாங்கிக்கோ, மறைக்க மட்டும் மறைக்காதே" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

அக்கா நடத்திய தமிழ் வகுப்பு

ஊசியை டாக்டர் போடுவார், கடிதத்தைக் கல்லூரி தரும். ஆனால் ஒரு காரியத்தை அம்மாவால்தான் செய்ய முடியும். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் அக்கா பத்து வார்த்தை சொல்லிக் கொடுத்தாள்.

"நாள் தள்ளிப் போச்சு." "வயித்தால போகுது." "நீர்க்கடுப்பா இருக்கு." "கிறுகிறுன்னு வருது." "மூச்சு வாங்குது." கால் 'மதமத'ன்னு இருக்கு என்றால் உணர்ச்சி குறைகிறது, 'திகுதிகு'ன்னு எரியுது, 'சுருக்'குன்னு குத்துது என்பவை வேறு. 'நெஞ்சு கரிக்குது' வேறு, 'நெஞ்சை அடைக்குது' வேறு. இரண்டில் எதைக் கேட்டாலும் தானாக முடிவு கட்டாமல் ஸிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பாடமும் தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே வார்த்தைதானே! இவளும் பழக்கத்தில் எண்பது வயதுப் பாட்டியிடம், "படுத்துக்கோ, கையை நீட்டு" என்பாள். "படுத்துக்குங்க பாட்டி, கையைக் கொஞ்சம் நீட்டுங்க" என்று வர இரண்டு மாதம் பிடித்தது.

வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும்கூட நோயாளிகள் வருகிறார்கள். அங்கே தமிழும் போதாது. புரியாததைப் புரிந்தது போல் தலையாட்டாமல், தெரிந்தவரைக் கூப்பிடுவதுதான் மரியாதை.

தெரியாததைச் செய்யாதே

எங்கள் பெண்ணோடு படிக்கிற ஒருத்தி வேறொரு தேசத்துக்குப் போயிருந்தாள். சின்ன ஆஸ்பத்திரி, கூட்டம் அதிகம். "நீ லண்டன் நர்ஸ்தானே, இந்தக் காயத்துக்குத் தையல் போட்டுவிடு" என்றார்களாம். அவள் தையல் போட்டதே இல்லை. மறுக்கக் கூச்சப்பட்டுக் கொண்டு போட்டுவிட்டாள். காயம் ஆறிவிட்டது. அவள் மனசுதான் ஆறவில்லை. "அது என் அம்மாவோட கையா இருந்தா, தெரியாத ஒருத்தியைத் தைக்க விட்டிருப்பேனா?" என்று கேட்டு அழுதாளாம். ஊர் திரும்பியதும் தானே போய்க் கல்லூரியில் சொல்லிவிட்டாள்.

அதனால் புறப்படும் முன்பே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைத்தேன்: "நான் மாணவி. இதை நான் செய்யக் கூடாது. நீங்க செய்யுங்க, நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கறேன்." தன் ஊரில் எதைச் செய்ய அனுமதி இல்லையோ, அதை இங்கேயும் செய்யக் கூடாது. ஏழை என்பதற்காக நோயாளி பழகிப் பார்க்கிற பொம்மை இல்லையே! நோயாளிகளைப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவதும் கூடாது.

உறவுக்காரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "வந்ததே வந்தே, திருப்பதி, கும்பகோணம் எல்லாம் பார்த்துட்டுப் போயேன்" என்று இழுக்காதீர்கள். "என் பிரஷரைப் பாரு, இந்த மாத்திரையை நிறுத்தலாமா?" என்றும் கேட்காதீர்கள். வாரம் ஒரு நாள் வீட்டுச் சாப்பாடு போடுங்கள், போதும்.

வந்தாள், பார்த்தாள்

அவள் கண்டுபிடித்த முதல் விஷயம்: லண்டன் வார்டில் நர்ஸுகள் செய்கிற பல வேலைகளை இங்கே நோயாளியின் மகளும் மருமகளுமே செய்கிறார்கள். ஆகவே நோயாளிக்கு மட்டும் சொன்னால் போதாது, கூட இருப்பவருக்கும் சொல்லித் தர வேண்டும். ஒரு பாட்டி வீட்டுக்குள் செருப்புப் போடவே மாட்டேன் என்றாராம். அங்கிருந்த ஸிஸ்டர் வாதாடவில்லை. "வாசலைத் தாண்டாத புதுச் செருப்பு ஒரு ஜோடி, வீட்டுக்குள்ளே மட்டும் போட்டுக்குங்க" என்றாராம். பாட்டி சம்மதித்து விட்டார்! நம் வீட்டிலும் சர்க்கரை உள்ளவர்கள் இருந்தால் இதைக் கடைப்பிடிக்கலாம். தினமும் ராத்திரி பாதத்தையும் விரலிடுக்கையும் பார்ப்பது, குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்ப்பது, வெந்நீர் ஒத்தடம் கொடுக்காமலிருப்பது, உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றாமலிருப்பது, இவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், வயிற்று வலியோடு ஓர் இளம் பெண் மாமியாரோடு வந்திருந்தாள். "கர்ப்பமா?" என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்தபடி இல்லை என்று ஆட்டிவிட்டாள். எக்ஸ்ரேக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற எங்கள் பெண்ணின் காதில் மெல்லச் சொன்னாளாம்: "முழுகாம இருக்கேனோன்னு பயமா இருக்கு, அத்தைக்குத் தெரியாது."

இவள் ஓடிப்போய்ப் பொறுப்பு ஸிஸ்டரிடம் சொன்னாள். எக்ஸ்ரே நின்றது, முதலில் சிறுநீர்ப் பரிசோதனை நடந்தது. அந்தப் பெண் கர்ப்பமாகத்தான் இருந்தாள். அதன்பின் டாக்டர்கள் பார்த்துக் கொண்டார்கள்.

அன்று ராத்திரி எனக்குப் போன். "சித்தி, நான் ஒண்ணுமே செய்யலை. காதால கேட்டேன், சொல்ல வேண்டியவங்ககிட்ட சொன்னேன், அவ்வளவுதான்."

"அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லுடி கண்ணு" என்றேன். "அவ கத்துக் கொடுத்த வார்த்தைதானே அது!"