சிவப்பு ஃபியரோ வாங்கலாமா?

மிச்சிகனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். தரையோடு தரையாகத் தாழ்ந்த சிவப்புக் கார். இரண்டே சீட். முகப்பு விளக்குகள் கண்ணை மூடிக்கொண்டதுபோல் பானட்டுக்குள் மடங்கியிருந்தன. "மாமா, 1984 பான்டியாக் ஃபியரோ. பக்கத்துத் தெருவுல விக்கிறாங்க. பாக்க ஃபெராரி மாதிரியே இருக்கு. ஆனா இது தீப்பிடிச்சு எரியும்னு எல்லாரும் சொல்றாங்களே, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

முதலில் இதன் இன்ஜின் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். நாம் அன்றாடம் பார்க்கும் கார்களில் பானட்டைத் தூக்கினால் இன்ஜின் தெரியும். ஃபியரோவின் பானட்டைத் தூக்கினால் ரேடியேட்டரும் ஸ்டெப்னியும்தான் இருக்கும். இன்ஜின் நம் முதுகுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. இதைத்தான் நடு இன்ஜின் என்கிறார்கள். நடு என்றால் காரின் சரிபாதி என்று பொருள் அல்ல. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட இடம். மாருதி ஆம்னி ஓட்டியவர்களுக்கு சீட்டுக்கு அடியிலிருந்து வரும் இன்ஜின் சூடு நினைவிருக்கும். அதுவும் ஏறக்குறைய இந்தக் குடும்பம்தான்.

இதில் என்ன லாபம்? ஒரு கம்பின் இரு நுனியிலும் தண்ணீர்க் குடங்களைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். குடங்கள் நம்மை இழுத்துக்கொண்டு போகும். அதே இரண்டு குடங்களை இடுப்போடு அணைத்துக்கொண்டால் நினைத்த பக்கம் திரும்பலாம். காரில் மிகக் கனமான பொருள் இன்ஜின். அதை உடலின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்துவிட்டால் வளைவுகளில் கார் சொன்னபடி கேட்கும். பந்தயக் கார்கள் இந்த வழிக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. ஆனால் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் நடு இன்ஜின் காரை ஆயிரக்கணக்கில் செய்து சாதாரண விலைக்கு விற்றது ஃபியரோவில்தான் முதல்முறை.

அதைச் சாதித்த குழுவுக்குத் தலைவர் துருக்கியில் பிறந்த பொறியாளர் ஹுல்கி அல்டிகாச்டி. பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடத்திடம் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லியே அனுமதி கேட்கவில்லை. வேலைக்குப் போய்வர, எரிபொருளை மிச்சம் பிடிக்கும் சின்னக் கார் என்றுதான் கேட்டார்கள். செலவைக் குறைக்கக் கம்பெனியின் மற்ற கார்களிலிருந்து பாகங்களை எடுத்தார்கள். முன் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு ஷெவெட் என்ற மலிவுக் காரிலிருந்து வந்தது. முன்சக்கர இழுவை கொண்ட சைட்டேஷன் காரின் முன்பாதி அமைப்பு அப்படியே இதன் பின்பாதியானது. 2.5 லிட்டர், நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு 92 குதிரைசக்தி. வடிவம் பந்தயக் கார், ஓட்டம் அலுவலகக் கார். 1985 முதல் 2.8 லிட்டர் வி6 இன்ஜினும் கிடைத்தது. 1988இல்தான் இந்தக் காருக்கென்றே வடிவமைத்த சஸ்பென்ஷன் வந்தது. அதே ஆண்டு உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. அமெரிக்காவில் அந்த நிறுவனம் செய்த அடுத்த நடு இன்ஜின் கார், கார்வெட், 2020 மாடலாகத்தான் வந்தது.

இனி நெருப்புக்கு வருவோம். 'இன்ஜினைப் பின்னால் அடைத்து வைத்தார்கள், காற்று போகவில்லை, சூடு ஏறிப் பற்றிக்கொண்டது' என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 1984 மாடல்கள் பல எரிந்தது உண்மை. ஆனால் அதிகம் பேசப்பட்ட அந்தத் தீயின் தொடக்கம் ஆயில் குறைவில் இருந்தது. இன்ஜினுக்குள் கனெக்டிங் ராடு என்று ஒன்று உண்டு. தையல் மெஷினில் கால்பலகையையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வேலைதான், ஆனால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை. ஆயில் குறைந்தால் அது உராய்ந்து, சூடேறி, ஒடியும். ஒடிந்த துண்டு இன்ஜின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த ஓட்டை வழியாகச் சிதறும் ஆயில், பழுக்கக் காய்ந்த சைலன்சர் குழாயில் விழும். அடுப்பில் காய்ந்த இரும்புச் சட்டியிலிருந்து எண்ணெய் சிந்தித் தீ பிடிப்பதுபோலத்தான்.

1984 ஃபியரோவின் இன்ஜின் ஆயில் கொள்ளளவே சிறியது. அதனால் கொஞ்சம் குறைந்தாலும் ஆபத்து நெருங்கிவிடும். நிறுவனம் 1987இல் அந்த மாடல்களைத் திரும்ப அழைத்து, பெரிய ஆயில் ஃபில்டர் போட்டு, ஆயில் அளவு பார்க்கும் குச்சியையும் மாற்றிக் கூடுதல் ஆயில் நிற்கும்படி செய்தது. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, 'தீப்பிடிக்குமா?' என்பது அல்ல. 'ரீகால் வேலை செய்த பில் இருக்கிறதா, கடைசியாக ஆயில் எப்போது மாற்றினீர்கள்?' என்பதுதான். வாங்கிய பிறகு, பெட்ரோல் போடும்போதெல்லாம் அந்தக் குச்சியை உருவிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. பழைய ரப்பர் குழாய்களையும் வயர்களையும் மாற்றிவிட வேண்டும், நாற்பது வயதைத் தாண்டிய எந்த வண்டிக்கும் அது பொருந்தும்.

நெருப்பைவிட அதிகமாக இந்தக் கார்களைத் தின்பது துரு. இதைச் சொன்னதும் அவன் சிரித்துவிட்டான். "மாமா, இதோட பாடியே பிளாஸ்டிக்! எங்கேர்ந்து துரு?" எல்லோரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான், இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

ஒரு கீற்றுக் கொட்டகையைப் பாருங்கள். பாரம் தாங்குவது மூங்கில் சட்டம், கீற்று வெறும் போர்வை. கீற்றை முழுக்க உருவிவிட்டாலும் கொட்டகை நிற்கும். ஃபியரோவும் அப்படியே. உள்ளே பற்றவைத்த எஃகுக் கூடு, அதன்மேல் முடுக்கிய பிளாஸ்டிக் பலகைகள். பலகைகளை எல்லாம் கழற்றிவிட்டும் காரை ஓட்டலாம். இந்த வசதியால்தான் எத்தனையோ ஃபியரோக்களின் போர்வையைக் கழற்றி, ஃபெராரி வடிவப் போர்வையை மாட்டியிருக்கிறார்கள். இப்போது யோசியுங்கள். கீற்று புதிதாக இருந்தால் மூங்கில் செல்லரிக்கவில்லை என்று ஆகிவிடுமா? சாதாரணக் காரில் துரு வந்தால் பெயின்ட் கொப்புளித்துக் காட்டிக்கொடுக்கும். இதில் காட்டிக்கொடுக்க ஆளில்லை. மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். சக்கரம் வாரி இறைக்கும் உப்புநீர் எஃகுக் கூட்டின் சந்துகளில் தங்கிவிடும். வெளியே சிவப்பு மினுமினுக்கும்.

மறுநாள் அவனை டார்ச்சும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். வீடியோ காலில் நானும் கூடப் போனேன். முதலில் கதவுக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டச் சொன்னேன். 'டங்' என்று கோயில் மணிபோல் கேட்டது. நல்ல எஃகு. அடுத்து இன்ஜின் அறையின் வலப்பக்க மூலையில், பேட்டரிக்கு அடியில். பேட்டரி ஆசிட் கசிந்து இறங்கும் இடம் அது. 'தொப்' என்றது. அப்பளத் துண்டுகள்போலப் பழுப்புச் சில்லுகள் அவன் கைமேல் உதிர்ந்தன. முனையால் லேசாக அழுத்தச் சொன்னேன், அரை அங்குலம் உள்ளே போய்விட்டது. பின்பக்கச் சட்டத்திலும், டிக்கியின் மூலைகளிலும் அதே கதை. பின் சக்கரங்களும் இன்ஜினும் தொங்குவது அந்தச் சட்டத்தை நம்பித்தான்.

இன்னொன்றையும் பார்க்கச் சொன்னேன். ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் பின்னால் என்பதால் கூலன்ட் போய்வர இரண்டு நீளக் குழாய்கள் காரின் அடியில் ஓடுகின்றன. விவரம் தெரியாதவர்கள் அவற்றின் மேலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி நசுக்கிவிடுவார்கள். பிறகு இன்ஜின் சூடேறினால் பழி 'நடு இன்ஜின்' மேல் விழும். இந்தக் காரில் ஒரு குழாய் பாதிக்கு மேல் நசுங்கியிருந்தது.

இன்ஜின் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகியிருந்தது, ஆயிலும் சரியான அளவில் இருந்தது. இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்ஜினை மாற்றலாம், குழாயை மாற்றலாம். இற்றுப்போன எஃகுக் கூட்டை வெட்டி ஒட்டும் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும். பையனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் மொத்தம் 3,70,168 ஃபியரோக்கள் செய்திருக்கிறார்கள், உப்புக் கொட்டாத மாநிலங்களிலும் அவை விற்பனைக்கு வரத்தான் செய்கின்றன. அரிசோனா பக்கம் ஒன்றைத் தேடச் சொல்லியிருக்கிறேன். 1988 மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்கிவிடு என்றும் சொல்லியிருக்கிறேன்.